வில்சனின் பட்டறைக் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய விஞ்ஞானிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். உழைத்து எழுதிய கட்டுரை. அதில் ராபர்ட் ஆர். வில்சனுக்கு நான்கு வரிகள் கிடைத்திருந்தன. நான்காவது வரியில், சிற்பம் செய்வது அவருடைய பொழுதுபோக்கு என்று இருந்தது. அந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் செய்த சிற்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் சிகாகோ பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லாரையும் போல அரோரா பாலாஜி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தான் பட்டேவியா. வில்சன் முதல் இயக்குநராக இருந்து கட்டி எழுப்பிய ஃபெர்மிலாப் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் அதைப் பார்க்காமல் திரும்புவேனா? மருமகனை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

பைன் தெரு வாசலிலேயே சாலைக்கு மேல் மூன்று கால்களோடு ஒரு இரும்பு வளைவு. ஐம்பது அடி உயரம். 'முறிந்த சமச்சீர்' என்பது அதன் பெயர். தூரத்திலிருந்து பார்க்கும்போது கால்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், எங்கோ கோணலாகத் தெரிகின்றன. காரை ஓரம் கட்டச் சொல்லி, அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். மூன்றும் அச்சாக ஒரே அளவில் விரிந்தன. நம் கண்ணுக்குக் கோணலாகப் படும் இயற்கைக்கு அடியில் ஒரு சமச்சீர் ஒளிந்திருக்கிறது என்பது துகள் இயற்பியலின் பெரிய பாடம். அதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வில்சன் அதை நான்கு எட்டு நடந்தால் புரியும்படி வாசலில் நிறுத்திவிட்டார். அந்த இரும்புத் தகடுகள் ஓய்வு பெற்ற ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து எடுத்தவை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

உள்ளே, தலைமைக் கட்டடத்துக்கு எதிரில் உள்ள குளத்தின் கரையில் முப்பத்திரண்டு அடி உயர எவர்சில்வர் தூண் ஒன்று நிற்கிறது. மூன்று தகடுகளை அதிபரவளையமாக, அதாவது கணக்குப் பாடத்தில் வரும் ஹைபர்போலா வளைவாக, வளைத்துச் சேர்த்தது. அதன் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். காரணம் என் அப்பா. கோவை கணபதியில் அவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். "எஸ்.எஸ். தகடு கோவக்கார மாப்பிள்ளை மாதிரி, சூடு ஒரு சொட்டு கூடுனாப் போதும், முறுக்கிக்கும்" என்பார். ஒரே மூச்சில் ஓட்ட மாட்டார். இங்கே ஒரு டேக், அதாவது பொட்டு மாதிரி ஒரு சின்னப் பற்றவைப்பு, எதிர்ப்பக்கம் ஒரு டேக், ஆறவிட்டு மறுபடி என்று சாயங்காலம் வரை ஆகும். முப்பதடி நீளத்துக்கு வளைவு கெடாமல் பற்றவைக்க எத்தனை பொறுமை வேண்டும் என்று அந்தப் பட்டறையில் வளர்ந்த எனக்குத் தெரியும். அதைச் செய்தவர் அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். தொழிற்சங்க விதிப்படி வெளியாள் அங்கே வெல்டிங் செய்யக் கூடாது என்றதும், வில்சன் சங்கத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, அனுபவமுள்ள வெல்டர் ஒருவரிடம் கையாளாக நின்று, ஓய்வு நேரங்களில் அதை முடித்தார். 1978இல் தூண் எழுந்தது. அறுபத்து நான்கு வயதில், தனக்குக் கீழ் வேலை பார்க்கும் ஒருவரிடம் சீடனாக நின்று செய்ததைப் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1914இல் வயோமிங் மாநிலத்தின் ஃப்ரான்டியர் என்ற சிற்றூரில் பிறந்தவர். மாட்டுப் பண்ணையில், கொல்லன் உலை பக்கத்திலிருக்க வளர்ந்தவர். பெர்க்லியில், அணுத் துகள்களை வட்டமாகச் சுற்றவிட்டு வேகமூட்டும் சைக்ளோட்ரான் கருவியைக் கண்டுபிடித்த லாரன்ஸிடம் மாணவராக இருந்தபோது, நன்கொடையாளர் ஒருவருக்குக் கருவியை இயக்கிக் காட்ட வேண்டிய நேரத்தில் ஒரு ரப்பர் வளையத்தைத் தொலைத்தார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வெல்டிங் செய்யும்போது விலையுயர்ந்த குறடு ஒன்றை உருக்கிவிட்டார் என்று மறுபடியும் நீக்கினார்கள்! இரண்டு தடவையும் கருவியோடு மல்லுக்கட்டியதால் வந்த வினை. அப்படிப்பட்டவரிடம் பின்னாளில் அமெரிக்காவின் ஆகப் பெரிய துகள் முடுக்கியைக் கட்டும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அணுகுண்டு தயாரான லாஸ் அலமோஸ் முகாமின் கதையை உங்கள் கட்டுரை சொல்லியிருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜெர்மனி தோற்கப் போகிறது என்று தெரிந்தபோது, இந்தக் குண்டு மனித நாகரிகத்தை என்ன செய்யும் என்று பேசுவதற்கு அந்த முகாமுக்குள்ளேயே கூட்டம் போட்டவர் வில்சன். 1945 ஜூலையில் முதல் சோதனை வெற்றி பெற்று எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார் என்று, அங்கே வேலை பார்த்த இயற்பியலாளர் ஃபைன்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஃபைன்மனை அந்தத் திட்டத்துக்குள் இழுத்து வந்தவரே வில்சன்தான். ஜெர்மனி சரணடைந்த அன்றே வேலையை விட்டுப் போகாமல் இருந்ததற்காகக் கடைசிவரை வருந்தினார்.

அடுத்த வருடமே, 1946இல், ஒரு மருத்துவ இதழில் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். எக்ஸ் கதிர் உடம்புக்குள் நுழைந்த இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை வழியெல்லாம் சுட்டுக்கொண்டு போகும். புரோட்டான் அப்படியல்ல. வழியில் கொஞ்சமாகச் செலவழித்து, நிற்கப்போகும் இடத்தில் மிச்ச ஆற்றலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடும். எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை வேகத்தை வைத்து நாம் தீர்மானிக்கலாம். ஆகவே புற்றுக்கட்டிக்கு இது ஏற்றது என்றார். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை தந்தார்கள். நம் தரமணியில் அது 2019இல் வந்தது. மண்டையோட்டின் அடியில், கண் நரம்பை ஒட்டி வந்த கட்டிக்காக என் தம்பிக்கு அந்தச் சிகிச்சை நடந்தது. டாக்டர் ஒரு துண்டுத்தாளில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். தரையோடு தரையாகப் போய், கடைசியில் கோபுரம் மாதிரி எழும்பி, சட்டென்று சரியும் கோடு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை வரைந்து காட்டிய கோடுதான். அன்றைக்கு அதைப் பார்த்து அழுதேன். தம்பி இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறான்.

குண்டுக்கு அது பிராயச்சித்தமா என்று கேட்டால், ஆம் என்றுதான் என் மனம் சொல்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருபது வருடம் முடுக்கிகள் கட்டினார். நடுவில் 1961இல், நாற்பத்தேழு வயதில், ரோமில் உள்ள நுண்கலைக் கழகத்தில் சேர்ந்து முறையாகச் சிற்பம் படித்தார். 1967இல் ஃபெர்மிலாப் அவர் கைக்கு வந்தபோது இரண்டு படிப்பும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. தலைமைக் கட்டடத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பிரான்ஸின் போவே தேவாலயம் நினைவுக்கு வரும். மின்கம்பங்கள் 'பை' என்ற கிரேக்க எழுத்து வடிவத்தில் நிற்கின்றன. துகள் முடுக்கி ஓடும் நான்கு மைல் வட்டச் சுரங்கத்தின் மேல் மண்மேடு போட்டார், ஆகாயத்திலிருந்து பார்த்தாலும் அந்த வட்டம் தெரிய வேண்டும் என்று. 1969இல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து மேயவிட்டார். நான் போன அன்று கன்றுகளோடு நின்றன. பழைய புல்வெளியையும் விதை போட்டு மீட்டார்கள்.

1969 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவின் முன் செனட்டர் பாஸ்டோர், இந்த முடுக்கி இயந்திரம் நாட்டின் பாதுகாப்புக்கு எந்த வகையிலாவது உதவுமா என்று கேட்டார். உதவும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பணம் சுலபமாக வந்திருக்கும். வில்சன் இல்லை என்றார். நாம் நல்ல ஓவியர்களா, நல்ல சிற்பிகளா, பெரிய கவிஞர்களா என்ற கேள்விகளோடு சேர்ந்தது இது, நாட்டைக் காக்க நேரடியாக உதவாது, காக்கத் தகுந்த நாடாக அதை ஆக்கும் என்று பொருள்பட பதில் சொன்னார். ஒரு தரம் குண்டு செய்த மனிதர், அதிகாரத்தின் முன்னால் உட்கார்ந்து இப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதை நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிக்கனத்தில் அளவு மீறியவர். 1971இல் முடுக்கியின் முந்நூறுக்கும் மேற்பட்ட காந்தங்கள் ஈரம் இறங்கிப் பழுதாகி, மாற்ற வேண்டி வந்தது. பானத் தகர டப்பாக்களை வைத்துக் கட்டிய ஒரு கூரை பின்னாளில் ஒழுகியது. ஆய்வு செய்ய வந்தவர்கள் வசதி போதவில்லை என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒதுக்கிய 25 கோடி டாலருக்குள் வேலையை முடித்து, 1972 மார்ச்சில் இயந்திரத்தைக் குறித்த ஆற்றலுக்கு ஓட்டிக் காட்டினார். பாட்டம் குவார்க் என்ற அடிப்படைத் துகள் 1977இல் அங்கேதான் அகப்பட்டது. மேற்கொண்டு பணம் தர அரசு தயங்கியபோது 1978இல் பதவியை விட்டு விலகினார். விலகிய பிறகும் சிற்பத்தை விடவில்லை. காந்தங்களில் போட்டு மிஞ்சிய எவர்சில்வர் குழாய்களை நட்டு, காற்றில் மெல்ல அசையும்படி இன்னொரு சிற்பத்தை அங்கே எழுப்பினார்.

2000 ஜனவரியில் காலமானார். ஃபெர்மிலாப் வளாகத்துக்குள், அந்த நிலத்தில் முன்பு விவசாயம் செய்த குடும்பங்களின் பழைய சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது இருட்டிவிட்டதால் மருமகன் காரிலிருந்தே காட்டினார்.

இத்துடன் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். வாசல் வளைவின் அடியில் நின்று, கைப்பேசியை நேர் மேலே தூக்கிப் பிடித்து நானே எடுத்தது. மூன்று கால்களும் சரிசமமாக விரிந்து தெரியும். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டால்கூடப் போதும். படத்தின் கீழே அவர் பெயருக்கு முன்னால் 'இயற்பியலாளர், சிற்பி' என்று இரண்டையும் போடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
பணி நிறைவு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோவை