மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

பதினோரு வருடமாக, உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எந்தப் பட்டறை, எந்த ஊர் என்று எழுதவில்லை. எழுதினால் எனக்கு வேலை போகும், அவ்வளவுதான் நடக்கும்.

போன வாரம் ராத்திரி பெய்த மழையில், பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்த ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு) மூட்டைகள் ஊறி, அடி மூட்டை இற்றுக் கிழிந்து, காலையில் நாங்கள் போகும்போது மஞ்சள் தண்ணீர் குழாயடி வரைக்கும் ஓடி நின்றது. அந்தக் குழாயில்தான் டிபன் பாக்ஸ் கழுவுகிறோம். ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பையன் வெறுங்காலோடு இறங்கி, துடைப்பத்தால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தான். அது குரோமியம் கலந்த விஷத் தண்ணீர் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்தாலும் தெரியாது, அது பழைய சர்க்கரைச் சாக்கு.

2016 அபாயக் கழிவு விதிகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக்கூடாது. மஞ்சள் லேபிளில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி மூன்றிலும் எழுதி, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி ஒட்ட வேண்டும். எங்கள் மூட்டைகள் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டன. லேபிளை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

என்னோடு முலாம் பூசும் டேங்கில் நிற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். விரல் இடுக்கில் மிளகளவுக்குக் குழி குழியாகப் புண், ஆறவே மாட்டேன் என்கிறது. ரசம் ஊற்றிச் சோறு பிசைந்தால் உயிர் போகிற எரிச்சல் என்று ஸ்பூனில் சாப்பிடுகிறார். வீட்டில் பேத்திக்கு ஒரு வாய் ஊட்டிவிடக்கூட யோசிக்கிறார், கையில் இருப்பது குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று. குரோமியம் மூக்கின் நடுத்தண்டையும் ஓட்டை போடும், நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். இருபது வருடம் அதற்குள் கை விட்டவருக்கு இதை நான்தான் போனில் படித்துக் காட்டினேன். பட்டறையில் யாரும் சொன்னதில்லை.

லேபிள் லேபிள் என்று ஏன் கத்துகிறேன் என்றால், எங்கள் பட்டறையில் சயனைடு கழிவும் ஆசிட் கழிவும் ஒரே மாதிரி நீல டிரம்மில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் கலந்தால் வரும் வாயு சில நிமிடத்தில் ஆளைக் கொல்லும். எந்த டிரம்மில் எது என்பது ஒரு சூப்பர்வைசருக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவு போட்டால்?

ராணிப்பேட்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2015 ஜனவரி 31, சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். அன்றைக்கு எல்லோரும் ஓடி வந்தீர்கள். அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும் ஐயா. இப்போதும் ஆய்வுக்கு வரும் தேதி முதலாளிக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. அன்றைக்குத் தார்ப்பாய் விரிக்கிறார்கள், எங்களுக்குப் புதுக் கையுறை கொடுக்கிறார்கள், நீங்கள் கிளம்பியதும் அதைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாளியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. சின்னப் பட்டறையில் சேரும் நாலு மூட்டைக்குத் தனி லாரி பிடித்து கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பக் கட்டுபடியாகாது என்கிறார், அதில் உண்மை இருக்கிறது. தொழிற்பேட்டைக்கு ஒரு லாரி என்று மாதம் ஒருமுறை எல்லாப் பட்டறையிலும் சேர்த்து எடுக்க நீங்கள் ஏற்பாடு செய்யலாமே.

அது வரைக்கும் தயவுசெய்து இதையாவது செய்ய வையுங்கள்: மூட்டைகளுக்கு மேலே ஒரு கூரை, கீழே கசியாத சிமென்ட் தளம், ஒவ்வொரு மூட்டையிலும் ஒவ்வொரு டிரம்மிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்து. சொல்லாமல் ஒரு நாள் வந்து பாருங்கள். அப்புறம் அந்தப் பையனுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் படிக்க வராது. ஒடியாவிலும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளேட்டிங் தொழிலாளி