வண்டியில எடிட் பண்றவங்களுக்கு வேற ஹெட்போன் வேணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பயணத்துக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. பாட்டு கேட்டுட்டு தூங்கிட்டு போறவங்களுக்கு அது நல்ல கட்டுரைதான், குறை சொல்லல. ஆனா அத படிச்சிட்டு எனக்கு தெரிஞ்ச ரெண்டு பையங்க, ரெண்டு பேரும் கல்யாண வீடியோ எடிட் பண்ற பிள்ளைய, அதுல முதல்ல இருந்த மாதிரி வயர்லெஸ் நாய்ஸ் கேன்சலிங் ஒண்ண வேலைக்குன்னே வாங்க போறோம்ணேன்னு போன் பண்ணுனாங்க. அதுல ஒருத்தன் நெனச்சிட்டு இருக்கான், அத மாட்டுனா ரெக்கார்டிங்ல இருக்குற இரைச்சலும் போயிரும்னு. போகாது. வெளிய இருந்து காதுக்கு வர்ற சத்தத்த மட்டும்தான் அது குறைக்கும். அவனுக்கு போன்ல சொன்னத உங்க மூலமா மத்தவங்களுக்கும் சொல்லலாம்னுதான் இத எழுதுறேன்.

நான் தக்கலை பக்கம். சித்திரை, ஆடி மாச கோயில் கொடைத் திருவிழா நாள்கள்ல வில்லுப்பாட்டு ரெக்கார்ட் பண்ணுவேன், மத்த நேரம் சர்ச் பாட்டு, வயசானவங்க பேட்டி இப்படி போகும். மாசத்துல ரெண்டு தடவையாவது சென்னைக்கு போக வேண்டியிருக்கு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஏறுனா கிட்டத்தட்ட பதிமூணு மணி நேரம், அந்த நேரத்த சும்மா விட மனசு வராது, லேப்டாப்ப மடியில வச்சி எடிட் பண்ணிட்டே போவேன்.

மூணு வருஷம் முன்னால நானும் நல்ல வெலைக்கு ஒரு வயர்லெஸ் ஹெட்போன் வாங்குனேன், கம்பெனி பேர் வேண்டாம். ஒரு அம்மன் கொடையில எடுத்த வில்லுப்பாட்ட அதுல கேட்டே வண்டியில மிக்ஸ் பண்ணி முடிச்சேன். தாளத்துக்கு அடிக்கிற குடம் ரொம்ப முட்டுற மாதிரி கேட்டுச்சு, அதனால கீழ் சத்தத்த, அதாவது பாஸ, நல்லா குறைச்சேன். ஊருக்கு வந்து அந்த வில்லுப்பாட்டுக்கார புலவர் வீட்டு ஸ்பீக்கர்ல போட்டா அவரு மொகமே மாறிப்போச்சு. "லே மக்கா, எனக்க குடம் எங்கடே? சிரட்டைய தட்டுன மாதிரில்லா கேக்கு"ன்னாரு. என்ன நடந்திருக்குன்னா, பாட்டு கேக்க சுகமா இருக்கட்டும்னு அந்த ஹெட்போன்லயே பாஸ கூட்டி வச்சிருக்கான், நான் அது குடத்துக்க சத்தம்னு நெனச்சி வெட்டிட்டேன். அந்த மனுசன் நாப்பது வருஷமா அடிக்கிற குடத்த நான் ஒரு ராத்திரியில இல்லாம ஆக்கிட்டேன்னு இப்ப நெனச்சாலும் சங்கடமா இருக்கு. ஒரிஜினல் ஃபைல் கையில இருந்ததால திரும்ப சரி பண்ண முடிஞ்சுது.

நாய்ஸ் கேன்சலிங் மோசம்னு நான் சொல்ல வரல. 1978ல விமானத்துல போகும்போது எஞ்சின் சத்தத்துல பாட்டு சரியா கேக்கலன்னு போஸ் கம்பெனிய ஆரம்பிச்ச அமர் போஸ் அங்கயே உக்காந்து யோசிச்சாரு, அது 1989ல விமானம் ஓட்டுறவங்களுக்கு அவரு கம்பெனி ஹெட்செட்டா வந்துச்சு. வெளிய இருக்குற மைக் சத்தத்த கேக்கும், அதுக்கு நேர் எதிரான அலைய உள்ள விடும், ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சிக்கிடும். எஞ்சின், ஏசி மாதிரி ஒரே சீரா வர்ற கீழ் சத்தத்துக்கு பிரமாதம், பக்கத்து பெர்த்துல பேசுறவங்களுக்கும் காபி காபின்னு போற அண்ணனுக்கும் அவ்வளவா உதவாது. வேலைக்கு சிக்கல் எங்க வருதுன்னா, அந்த மாதிரி செட்டுல நிறைய உள்ளயே சத்தத்த தன் இஷ்டத்துக்கு மாத்தித்தான் தருது. சிலதுல வயர் குத்தி கேட்டா ஒரு மாதிரி, பவர் ஆஃப் பண்ணி கேட்டா வேற மாதிரி இருக்கும். எத நம்பி எடிட் பண்றது?

அப்புறம் ப்ளூடூத்துல சத்தம் லேட்டா வரும். சாதாரணமா 0.2 விநாடி வரைக்கும் போகும், படம் பாக்குற ஆப் அத சரிக்கட்டிரும், ஆனா பாடுறத நேர்ல ரெக்கார்ட் பண்ணிட்டே கேக்கும்போது சரிக்கட்ட வழியில்ல. 0.2 விநாடின்னா சின்னதா தெரியும், ஆனா சத்தம் அந்த நேரத்துல ஏறக்குறைய 70 மீட்டர் போயிரும், அதாவது வில்லுக்கு முன்னால உக்காந்திருக்குற நீங்க கோயில் வளாகத்துக்கு வெளிய ரோட்டுல நின்னு கேக்குற மாதிரி. உடுக்கு அடிக்கிறவரு கை ஒரு பக்கம் போவும், சத்தம் பின்னால வரும்.

அதனால வேலைக்குன்னா வயர் உள்ளதுதான், அதுலயும் பின்பக்கம் மூடுனது, அதாவது காத மூடுற கிண்ணத்துக்க வெளிப்பக்கத்துல ஓட்டை இல்லாதது. பின்பக்கம் திறந்த ஹெட்போன் வீட்டுக்கு அருமையா இருக்கும், ஆனா வண்டியில வெளி சத்தம் அப்படியே உள்ள வரும், உங்க சத்தமும் எதிர் சீட்டுக்கு கேக்கும், பாடுறவங்க கிட்ட மாட்டுனா அது கசிஞ்சி மைக்குல ஏறும். ஆரல்வாய்மொழியில ஒரு தடவ பேட்டி எடுத்தோம், அங்க அடிக்கிற காத்து உங்களுக்கே தெரியும், சும்மாவா அவ்வளவு காத்தாடி நட்டு வச்சிருக்கான். காதுல சின்ன இயர்போன் மட்டும் வச்சிருந்தா அந்த பொத்து பொத்துன்னு வர்ற சத்தம் நம்ம காதுல அடிக்கிற காத்தா இல்ல மைக்குல அடிக்கிற காத்தான்னே பிரிச்சி சொல்ல முடியாது, மூடுன ஹெட்போன் போட்ட உடனேதான் மைக்குலதான்னு தெரிஞ்சுது, சுவர் ஓரமா நகத்தி உக்கார வச்சோம்.

எதுன்னு கேட்டா, நான் இப்ப வச்சிருக்கறது சோனி எம்டிஆர் 7506. 1991ல இருந்து அதே மாதிரிதான் வருது, மடிச்சி பையில போடலாம், 63 ஓம்ஸ்ங்கறதால (ஓம்ஸ்ங்கறது கரண்ட தடுக்குற அளவு, அது ரொம்ப கூடுனா சின்ன மிஷின்ல சத்தம் பத்தாது) லேப்டாப், ரெக்கார்டர் எதுல குத்துனாலும் சத்தம் போதும். மேல் சத்தம் கொஞ்சம் கூர்மையா இருக்கும், பாட்டு கேக்க சிலருக்கு பிடிக்காது, ஆனா வாய் சொடக்கு, மூச்சு, 'ச' எழுத்து சீறுறது எல்லாம் உடனே மாட்டிக்கிடும், பேட்டி எடிட் பண்றவனுக்கு அதுதான வேணும். குறை என்னன்னா சுருள் வயரு, கழத்த முடியாது, மேல் பெர்த்துல உக்காந்தா அந்த கனம் ரெக்கார்டர இழுத்து கீழ போடும். வயர் கழத்தி மாத்தணும்னா ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், 38 ஓம்ஸ், மூணு வயர் பெட்டியிலேயே வரும், 1.2 மீட்டர் வயர வண்டிக்குன்னு வச்சிக்கிடலாம், பாஸ் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்கறத மனசுல வச்சிக்கிடணும். சென்ஹைசர் எச்டி 25 இன்னும் சின்னது, 140 கிராம்தான், ஒவ்வொரு பாகமா கழத்தி மாத்தலாம், ஆனா காது மேல இறுக்கி உக்காரும், கண்ணாடி போட்டவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வலிக்கும். பையர்டைனமிக் டிடி 770 காதுக்கு மெத்த மாதிரி, ஆனா மடியாது, அதுல 250 ஓம்ஸ் தெரியாம வாங்கிட்டீங்கன்னா போன்ல குத்துனா சத்தமே பத்தாது. போன்ல ஹெட்போன் குத்துற ஓட்டை இல்லன்னா, சார்ஜ் போடுற எடத்துல குத்துற சி டைப் டாங்கிள் ரெண்டு வாங்கி வையுங்க, ஒண்ணு கண்டிப்பா காணாம போவும்.

இத்தனையும் வாங்குனாலும் வண்டிக்குள்ள எல்லா வேலையும் செய்யக்கூடாது, இத நான் ரொம்ப அழுத்தி சொல்லணும். மூடுன ஹெட்போன் மேல் சத்தத்ததான் நல்லா தடுக்கும், சக்கரத்துக்க கீழ் உறுமல் உள்ள வந்துட்டேதான் இருக்கும். அந்த உறுமலுக்குள்ள ஜெனரேட்டர்ல இருந்து மைக்குல ஏறுன 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒளிஞ்சிக்கிடும், கேக்கவே கேக்காது. குடமும் கம்மியா இருக்குற மாதிரி தோணும், கூட்டி விட்டுருவீங்க, அப்ப தப்பு இந்த பக்கமா வரும். அதனால நான் வண்டியில இருமல் வெட்டுறது, ரெண்டு தடவ பாடுனதுல எது நல்லாருக்குன்னு எடுக்குறது, பேட்டியில தேவையில்லாதத தூக்குறது, இவ்வளவுதான் செய்வேன். பாஸ், ட்ரெபிள், கடைசி லெவல் எல்லாம் வீட்டுல, ராத்திரி ஃபேன ஆஃப் பண்ணிட்டு. வண்டியிலதான் எல்லாம் முடிக்கணும்னா காதுக்குள்ள போற வயர் இயர்போன், ஃபோம் டிப் (பஞ்சு மாதிரி முனை) போட்டது, பெரிய ஹெட்போன விட நல்லா அடைக்கும். ஆனா டிப் சைஸ் சரியில்லாம கொஞ்சம் லூசா இருந்தா பாஸ் மொத்தமும் ஓடிரும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உக்காருதான்னு பாத்துக்கிடணும்.

சத்தத்த கூட்டாதீங்க, தம்பிங்களா. வண்டி சத்தத்துக்கு மேல கேக்கணும்னு வால்யூம ஏத்திட்டே போறது இருக்கே, அதுதான் காத கொல்லுறது. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியா குறையும், 88க்கு நாலு மணி, 91க்கு ரெண்டு மணி, இப்படித்தான் அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் (NIOSH) பரிந்துரை பண்ணியிருக்கு. நம்ம தொழிலுக்கு காதுதான மூலதனம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ கழத்தி வச்சிட்டு கதவு பக்கம் போகாம ஜன்னல் ஓரமா கொஞ்சம் உக்காருங்க.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு தனியா ஒண்ணு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வேலைக்கு போனா உப்புக்காத்துல பிளக் மங்கிப் பச்சை பிடிக்கும், கரகரன்னு சத்தம் வந்தா ஹெட்போன் போச்சுன்னு நெனைக்காதீங்க, முதல்ல பிளக்க தொடைங்க. காது பஞ்சுல இருக்குற ரெக்சின் வேர்வைக்கு உரிஞ்சி கருப்பு கருப்பா காதுல ஒட்டும், பஞ்சு தனியா கெடைக்குற மாடலா பாத்து வாங்குனா பத்து வருஷம் ஓட்டலாம். வயர்லெஸ்ல பேட்டரி செத்தா நெறைய மாடல்ல அதோட முடிஞ்சுது.

கடைசியா கடைக்காரங்க கிட்ட ஒரு வேண்டுகோள், உங்க பத்திரிகைய அவங்களும் படிக்கிறாங்க. நாகர்கோவில்ல ஒரு கடையில போட்டு கேட்டு பாக்கணும்னு சொன்னதுக்கு பெட்டிய பிரிச்சா வாங்கித்தான் ஆகணும்னுட்டாரு. பத்தாயிரம் ரூபா பொருள கேக்காம எப்படி வாங்க? ஒவ்வொரு மாடல்லயும் ஒண்ண வெளிய வையுங்க, நாங்க எங்களுக்கு நல்லா பழகுன ரெக்கார்டிங்க கொண்டு வந்து பத்து நிமிசம் கேக்குறோம். நான் இப்ப எந்த ஹெட்போன் பாத்தாலும் முதல்ல போடுறது அந்த புலவருக்க வில்லுப்பாட்டுதான், வில்லு மணி, உடுக்கு, குடம் மூணும் தனித்தனியா, அவரு முற்றத்துல உக்காந்து கேட்ட மாதிரி கேக்குதான்னு பாப்பேன். கேக்கலன்னா திருப்பி குடுத்துட்டு வந்துருவேன்.

நீங்களும் அடுத்த தடவ இத பத்தி எழுதும்போது வேலைக்கு வாங்குறவங்களுக்குன்னு ரெண்டு பத்தி தனியா போடுங்க. அந்த பையங்க ரெண்டு பேரும் இன்னும் வாங்கல, உங்க பத்திரிகையில வரட்டும்னு காத்திருக்காங்க.

இப்படிக்கு,
தக்கலை பக்கத்துல இருந்து ஒரு வாசகர்