நாய்க்குக் கதை படிக்கிற ஊரிலிருந்து

அயோவா, அமெரிக்கா,
ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்கள், அம்மா, தம்பி, நெல்லூர்பேட்டை அத்தை எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறாள். அதனால் எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தே நாள் தள்ளிப்போய்விட்டது. "அப்படி என்ன தலைபோகிற வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். ஜூன் பிறந்ததிலிருந்து நீங்கள் அங்கே பார்க்கிற வேலையைத்தான் நான் இங்கே பார்க்கிறேன். காலையில் கதவு திறக்கும் முன்பே நூலக வாசலில் போய் நிற்பது.

பள்ளிக்கூடம் ஆகஸ்ட் பின்பாதி வரை லீவு. லீவில் பிள்ளைகள் படிப்பை மறந்துவிடக் கூடாதென்று நூலகத்தில் ஒரு தாள் தருகிறார்கள். இருபது நிமிடம் படித்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம். தாள் நிரம்பினால் ஒரு புத்தகம் பரிசு, வீட்டுக்கே எடுத்துப் போகலாம். பெரியவர்களுக்கும் தாள் உண்டு. கடிதம் படித்தால் கணக்கில் வருமா என்று கேட்டேன். எது படித்தாலும் படிப்புதான் என்றார் அங்கிருக்கும் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு கட்டம் பச்சை தீட்டியிருக்கிறேன்.

கதை நேரம், காகிதப் பொம்மை, பாம்பு கொண்டுவந்து காட்டுகிறவர் என்று தினமும் ஏதாவது ஒன்று. வியாழக்கிழமை நடப்பதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். நாய்க்குக் கதை படிக்கிறார்கள்! எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியின் நாய்தான் அது. கன்றுக்குட்டி அளவு இருக்கும், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. இதற்கென்று பரீட்சை வைத்துத் தேறிய நாயாம். வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படும் பிள்ளை அதன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம். நாய் தப்புக் கண்டுபிடிக்காது, சிரிக்காது.

அந்தப் பாட்டியை உங்களுக்குத் தெரியுமே, நான் கிரைண்டர் போட்டால் விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து தட்டுகிறவர். நூலகத்தில் பார்த்தால் வேறு ஆள், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் பாப்பா நீங்கள் அனுப்பிய அ, ஆ புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், எழுத்து எழுத்தாக விரல் வைத்து அந்த நாய்க்குப் படித்துக் காட்டினாள். அது ஒரு கொட்டாவி விட்டு, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. இது என்ன மொழி என்று பாட்டி கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு முறை மாவு அரைத்துவிட்டேன். தட்டல் இல்லை.

கட்டடம் பழைய செங்கல் கட்டடம். கார்னகி என்ற இரும்பு முதலாளியின் பணத்தில் கட்டியது. இந்த நாட்டில் மட்டும் 1,689 நூலகக் கட்டடங்களுக்கு அவர் பணம் கொடுத்திருக்கிறார். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், அவருடைய அப்பாவும் கைத்தறிக்காரர். ஸ்காட்லாந்தில் விசைத்தறி வந்து பிழைப்பு போனதும், 1848-ல் கடன் வாங்கிக் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். இங்கே வந்து பையன் நூற்பாலையில் நூல் சுற்றும் தார்க்கட்டை மாற்றும் வேலை பார்த்தான், வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு. படித்ததும் அம்மா தார் சுற்றுகிற கைதான் கண்ணில் வந்தது. கட்டடத்துக்குப் பணம் தர அவர் ஒரு நிபந்தனை போட்டார். இடம் ஊர் தரவேண்டும், கொடுத்த தொகையில் நூற்றுக்குப் பத்து வருடாவருடம் ஊரே நூலகத்துக்குச் செலவழிக்க வேண்டும். வீட்டு வரியோடு நூலக வரி பிடிக்கிறார்கள் என்று முனகுவீர்களே, எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

மத்தியானம் அங்கேயே பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ரொட்டி, ஆப்பிள், ஒரு சின்ன டப்பா பால். இனாம் சோறா என்று முகம் சுளிக்காதீர்கள். காமராசர் காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட மாதிரிதான். பெரியவர்களுக்குக் கிடையாது, எனக்கும் பசிப்பதில்லை. சாயந்தரம் வரை அங்கேயே இருந்துவிடுகிறோம். சோளக்கொல்லை சுற்றி இருப்பதால் வீட்டில் ஒரே புழுக்கம். வீட்டு ஏசி பாப்பாவுக்குச் சளி பிடிக்கும் என்று போடுவதில்லை. உங்கள் மாப்பிள்ளையும் எங்களோடு வருகிறார். அவருக்கு இப்போது ஆபீஸ் போகவேண்டியதில்லை, எங்கிருந்தும் வேலை பார்க்கலாம். மூலையில் ஒரு சின்ன அறை உண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் பேசுகிறார். வெளியே வந்ததும் நான் எதுவும் கேட்பதில்லை.

ஜூலை 4 இவர்களுக்குச் சுதந்திர தினம். ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டி, டிராக்டர், அதற்குப் பின்னால் நூலகத்தார் புத்தகத் தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் மிட்டாய் வீசினார்கள். ஜனம் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது. பாப்பாவுக்குத் தெரியவில்லை என்று அவர் தோளில் தூக்கி வைத்தார். அவ்வளவுதான் அப்பா, எனக்கு வைகாசி ஒன்று வந்துவிட்டது. நம் ஊர்த் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலை, ஊர்வலமாக வரும்போது உங்கள் தோளில் உட்கார்ந்து, உங்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, கீழே உடைகிற தேங்காய்த் தண்ணீர் காலில் தெறிக்கத் தெறிக்கப் பார்த்தது. இங்கே ஒரு தேங்காய் உடைகிற சத்தம் இல்லை. கண்ணில் வெயில் பட்டது என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

சரி, அது கிடக்கட்டும். அம்மா கண்ணுக்கு வேலூர் போகிற நாளைத் தள்ளிப்போடாதீர்கள். காட்பாடி மாமா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேரணாம்பட்டு சித்தப்பா கொண்டுவரும் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். வடக்குப் பக்கச் சுவர் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். தம்பி மாடி எடுக்கக் கேட்ட பணம் தருவேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆவணி வரை பொறுக்கச் சொல்லுங்கள். இங்கே பேங்கில் கொஞ்சம் மாற்றம், வேறொன்றுமில்லை.

மூன்றாவது தறியை விற்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஆடி நெருங்கும்போது போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். பாவு ஏற்றிய தறியை யாராவது விற்பார்களா? இருக்கிற பாவை நெய்து முடியுங்கள், அதற்குள் நான் ஒரு வழி சொல்கிறேன்.

உங்கள் அன்பு மகள்

பி.கு. இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதையைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள், கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்கள். நூலகத்திலேயே விதைப் பொட்டலம் சும்மா தருகிறார்கள். பால்கனியில் பக்கெட்டில் போட்ட கத்தரி பூத்திருக்கிறது. முள் இல்லை.