ஏழாவது பாட்டு எந்த மிக்ஸ்?

சோல் எனப்படும் அமெரிக்கக் கறுப்பின இசையின் பழைய பாடல்களைத் திரும்பத் திரும்ப சிடியாக வெளியிட்டு வரும் இசை நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதினால் இவர்களுக்கு எப்படிப் புரியும் என்று படிப்பவர்கள் கேட்கலாம். உங்களில் ஒரு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது: சிடியில் கீறல் இருந்தால் மாற்றித் தருகிறோம். கீறல் ஒன்றும் இல்லை, பாட்டில் ஒரு சரணத்தையே காணோம் என்றுதான் நான் எழுதியிருந்தேன். ஆக, மொழி இங்கே பிரச்சினை இல்லை. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பாட்டு, அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’. அதன் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு ஹோட்டலில் அவருக்கு அறை தர மறுத்தார்கள்; சத்தம் போட்டதற்குக் கைதும் செய்தார்கள். 1964 ஜனவரி 30 அன்று பாட்டு பதிவானது, அதே வருடம் எல்பி என்னும் முழு ஆல்பத்தில் வந்தது. டிசம்பர் 11 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 22ஆம் தேதி அதே பாட்டு ‘ஷேக்’ சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) மறுபக்கத்தில் வெளிவந்தபோது, அதில் ஒரு சரணம் இல்லை. சினிமாவுக்குப் போனாலும் கடைவீதிப் பக்கம் போனாலும் ‘இங்கே நிற்காதே’ என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வருமே, அந்தச் சரணம்.

நான் இந்தப் பாட்டை முதலில் கேட்டது நண்பனின் அண்ணன் எல்பியிலிருந்து பதிந்து கொடுத்த ஒரு கேசட்டில். முழுப் பாட்டு. அந்தக் கேசட் பூஞ்சை பிடித்துப் போய்ப் பல வருடம் ஆகிறது. போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங் பற்றி ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். சரி, அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாட்டு கிடையாது என்று, புதிதாக வாங்கிய உங்கள் தொகுப்பைப் போட்டேன். ஏழாவது பாட்டு. இரண்டாவது சரணம் முடியும்போது ஒரு வாத்தியார் தோரணையில் விரலை உயர்த்தி, “இப்போ சினிமா தியேட்டர் வரும் பாரு, அதுதான் முக்கியம்” என்றேன். வரவில்லை. நேரே சகோதரனிடம் உதவி கேட்கப் போகும் இடத்துக்குப் பாட்டு தாவிவிட்டது.

“எங்கப்பா சினிமா?”

திரும்பப் போட்டேன். மறுபடியும் சகோதரன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பரிதாபம் இருந்தது. “வேற ஏதோ பாட்டோட குழப்பிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்தாள். அன்று ராத்திரி அலமாரியைக் குடைந்து, அதே பாட்டு இருக்கும் வேறு இரண்டு சிடிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் சரணம் இருந்தது, ஒன்றில் இல்லை. மூன்று அட்டைகளிலும் பாட்டின் பெயர் ஒன்றுதான், எழுத்துக்கு எழுத்து அதே பெயர். உங்கள் அட்டையில் மட்டும் கூடுதலாக ‘ஒரிஜினல் ஹிட் வெர்ஷன்’ என்று பொன்னிற எழுத்தில் இருந்தது.

அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கடையில் விற்ற சிங்கிள் அதுதானே. சிங்கிளுக்காக வெட்டியதையும் யாராவது பாதுகாத்து வெளியிடத்தான் வேண்டும், அதுவும் நடந்த வரலாறு. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எதைத் தருகிறீர்கள் என்று அட்டையில் அச்சடியுங்கள். எல்லாம் ஒரே தடமாக ஒலிக்கும் மோனோவா, இரு காதுக்கும் பிரியும் ஸ்டீரியோவா, சிங்கிளா எல்பியா, எந்த வருட மிக்ஸ் (குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதம்), மாஸ்டரிங் என்னும் கடைசி ஒலிச் சீரமைப்பைச் செய்தது யார். பாட்டுக்கு ஒரு வரி போதும்.

இது ஒரு பாட்டோடு நிற்கிற சங்கதி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஜேம்ஸ் பிரவுனின் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ 1965இல் ஏறக்குறைய ஏழு நிமிடப் பதிவு. சிங்கிளுக்காக அதை இரண்டு துண்டாக வெட்டி, டேப்பின் வேகத்தையும் கூட்டினார்கள். சுருதி ஏறிவிட்டது, அவர் குரலுக்கு வயதும் குறைந்துவிட்டது. நிதானமான அசல் வேகத்தை உலகம் காதால் கேட்டது 1991இல், ‘ஸ்டார் டைம்’ என்ற சிடி தொகுப்புப் பெட்டியில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு ஆள் பாடுவது போலிருக்கும். ஓடிஸ் ரெட்டிங்கின் ‘ஐ’வ் பீன் லவிங் யூ டூ லாங்’ இதற்கும் ஒரு படி மேலே. 1965இல் முதலில் சிங்கிளாக வந்த மோனோ பாட்டு ஒன்று. அதே வருடம் ஜூலையில் ‘ஓடிஸ் ப்ளூ’ எல்பிக்காக ஸ்டீரியோவில் மறுபடி பாடிப் பதிந்தது இன்னொன்று. மிக்ஸ் மட்டுமல்ல, பாடலே வேறு. கெஞ்சல் வேறு இடத்தில் உடைகிறது. ஒரு தொகுப்பில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க, நாங்கள் அட்டையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

மோட்டவுன் என்ற இசை நிறுவனத்தின் பாடல்களில் எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அறுபதுகளின் பாட்டு என்றால் மோனோ சிங்கிள்தான். டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஸ்டூடியோவாக்கிய அந்தச் சின்ன வீட்டில் உட்கார்ந்து அவர்கள் மிக்ஸ் செய்தது கார் ரேடியோவில் போகிறவனுக்காக. அந்த அளவு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்தார்கள். டிரம்ஸும் டாம்பரினும் பாஸ் கிட்டாரும் ஒரே முஷ்டியாக நெஞ்சில் வந்து குத்தும். அதே பாட்டின் பழைய ஸ்டீரியோ மிக்ஸ்கள் பலவற்றில் அந்த முஷ்டியின் விரல்களைப் பிரித்து வைத்திருப்பார்கள். இடது காதில் தாளம், வலது காதில் வேறேதோ, பாடுகிறவர் நடுவில் அநாதையாக நிற்பார். ஸ்டீரியோதான் பிடிக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவரவர்க்கு வேண்டியதை அவரவர் பார்த்து வாங்க வழி செய்யுங்கள் என்கிறேன்.

மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி தன் ஆட்களிடம் கேட்பாராம்: கையில் ஒரே ஒரு டாலர்தான் இருக்கிறது, பசிக்கிறது, இந்த இசைத்தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? இன்று அந்தக் கேள்வியை உங்கள் வாடிக்கையாளனிடம் கேட்டுப் பாருங்கள். சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்றாவது பார்க்கலாம்.

இன்னொன்று, சத்தம். ‘ரீமாஸ்டர்’ என்று எழுதிவிட்டால் போதும், பாட்டை இழுத்துப் பிடித்து உச்சத்திலேயே கட்டிப்போட்டு விடுகிறீர்கள். எண்பதுகளில் வந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒலி அலை மலையும் பள்ளமுமாகத் தெரியும். புதியது பல சமயம் செங்கல் சுவர். மோட்டவுனின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை விரலால் மீட்டி மீட்டிச் செதுக்கிய பாஸ், அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. டேப்பின் ‘உஸ்’ சத்தத்தைத் துடைக்கிறோம் என்று சிம்பலின் பளபளப்பையும் சேர்த்துத் துடைக்கிற புண்ணியவான்கள் வேறு. அப்புறம், அட்டையில் பெரிய நட்சத்திரத்தின் படம், உள்ளே அவரே முப்பது வருடம் கழித்து சிந்தசைஸர் வைத்து மறுபடி பாடிய பாட்டு, அந்த உண்மை மட்டும் எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படுகிற எழுத்தில். பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுவது பற்றி எங்களுக்குப் பழமொழி உண்டு. நீங்கள் அதைத் தலைகீழாக்கி, பழைய மொந்தையில் எதையோ ஊற்றிக் கொடுக்கிறீர்கள்.

எழுதாமல் விடுகிற பழக்கம் இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை என்பதும் தெரியும். அதே ஜேமர்சனும் அவரோடு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக் குழுவினரும் அறுபதுகள் முழுக்க ஹிட் மேல் ஹிட் கொடுத்தும் மோட்டவுன் எல்பி அட்டைகளில் அவர்கள் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்’ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்த பிறகுதான் பெயர் ஏறியது. வாசித்தவர் பெயரைப் போடவே அத்தனை வருடம் ஆனது என்றால், மிக்ஸின் பெயரைப் போட எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஆயுள் போதாது போலிருக்கிறது.

மன்னிக்கவும், கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டேன். சண்டை போட உட்காரவில்லை, ஒரு கோரிக்கை வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

முடியாததைக் கேட்கவில்லை என்பதற்கு உங்கள் துறையே சாட்சி. அதே ‘வாட்’ஸ் கோயிங் ஆன்’ 2001இல் டீலக்ஸ் பதிப்பாக வந்தபோது, மார்வின் கே கடைசி நேரத்தில் ஒதுக்கிவைத்த டெட்ராய்ட் மிக்ஸையும் தனியாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 2005இல் தொடங்கிய மோட்டவுன் சிங்கிள்ஸ் முழுத்தொகுதியில் ஒவ்வொரு பாட்டுக்கும் சிங்கிளின் எண், வெளியான தேதி எல்லாம் இருக்கிறது. ‘ஓடிஸ் ப்ளூ’வின் 2008 பதிப்பில் மோனோ ஒரு சிடி, ஸ்டீரியோ ஒரு சிடி. இதெல்லாம் பணம் படைத்த சேகரிப்பாளர்களுக்கான பதிப்புகள், சாதாரணத் தொகுப்புக்கு இவ்வளவு எதற்கு என்று நீங்கள் சொல்லலாம். சாதாரணத் தொகுப்பு வாங்குகிறவனுக்குத்தான் இது அதிகம் தேவை. அவனிடம் ஒத்துப்பார்க்க வேறு பதிப்பு இல்லை. அதில் இருப்பதுதான் பாட்டு என்று அவன் நம்பிவிடுவான். என் மகளும் அதைத்தான் செய்தாள். பத்து ரூபாய் மாத்திரை அட்டையில்கூட என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று போடுகிறார்கள்.

ஆகவே, மரியாதையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பிலிருந்தாவது, ஒவ்வொரு பாட்டின் பெயருக்குக் கீழும் அது எந்த மிக்ஸ், எந்த வெட்டு, எந்த வருடத்தது என்று ஒரு வரி அச்சடியுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்தப் பொன்னிற எழுத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் சிடிகளைத் தொடர்ந்து வாங்கும் ஒருவன்

பி.கு: சிடியைத் திருப்பி அனுப்பவில்லை. முழுப் பாட்டு இருந்த இன்னொரு சிடியை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும் பேனாவை எடுத்து ஒரு சின்னச் சீட்டில் ‘7 - சிங்கிள் வெட்டு, சினிமா சரணம் இல்லை’ என்று எழுதி உங்கள் அட்டையின் பின்புறம் ஒட்டிவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாதிரி தேவைப்பட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன்.