மீன் பெட்டிக்கு ஒரு நன்றி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

தண்ணீர் வடிந்து மூன்று வாரம் ஆகிறது. அது எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது நாமெல்லாம் ஒரே வானத்துக்குக் கீழேதான் நின்றோம்.

படகு கொண்டுவந்த தம்பிகள், பள்ளிவாசலில் சோறாக்கி அனுப்பியவர்கள், அம்மாவின் பிரஷர் மாத்திரையைத் தேடிக் கொடுத்த மருந்துக்கடைக்காரர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று நான் எழுத உட்கார்ந்தது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்காக.

பீரோவின் கீழ்த்தட்டில் பூட்டனாரின் புதிய ஏற்பாடு, அதாவது பைபிளின் இரண்டாம் பகுதி, இருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உபதேசியாராக ஊர் ஊராய் நடந்தவர், சட்டைப்பையிலேயே வைத்திருந்தாராம். எடுத்தபோது டீயில் ஊறிய பன் மாதிரி இருந்தது. நூலகத்தில் வேலை பார்க்கும் தோழிக்கு எப்படியோ லைன் கிடைத்தது. "பக்கத்தைப் பிரிக்காதே, வெயிலில் வைக்காதே, இஸ்திரி போட்டுத் தொலைக்காதே. ரெண்டு நாளில் பூஞ்சணம் பிடிச்சிடும், ஐஸில் போடு" என்றாள். கரண்டே இல்லாத ஊரில்!

அக்காவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. விஷயத்தைக் கேட்டவர் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி நீட்டினார். "போட்டு எதுவும் கடலுக்குப் போகல, சும்மாதான கெடக்கு. நாத்தம் அடிக்கும், பரவாயில்லியா?" ஐஸ் கம்பெனி வரை மகனை பைக்கில் விரட்டினார், அதுவும் இரண்டு முறை. காசு நீட்டினேன், முறைத்தார். பாலித்தீன் உறையில் சுற்றிய வேதம், உடைத்த ஐஸுக்குள் மூன்று நாள் கிடந்தது. பிறகு பஸ் ஏறி, மதுரையில் மாமா வீட்டு ஃப்ரீசருக்குப் போனது.

தோழிதான் இன்னொன்றும் சொன்னாள். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடிக்க ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் ரொம்பப் பெரியவை. இருந்த காகிதம் பற்றாது. அதனால் அட்லர் என்பவர் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்றும் சொல்வார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் முழுப் புத்தகமும் வந்தன. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான். எங்களுடையது அதற்கு வெகு காலம் பிந்தியது. ஆனாலும் தமிழ் வேதம் பைக்குள் அடங்கும் வழி, அந்தச் சின்ன எழுத்தில்தானே தொடங்கியது? அன்று சீஸ் டப்பா, இன்று மீன் பெட்டி.

இரண்டிரண்டு தாளாகப் பிரித்து, நடுவே மை ஒற்றும் தாள் வைத்து, மாற்றி மாற்றி உலர்த்தினோம். பேனா மை நீலப் புகையாய்க் கரைந்துவிட்டது. தாத்தா பிறந்த தேதியைப் பூட்டனார் பென்சிலில் குறித்திருந்தார். அது ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. வாடை மட்டும் போகவில்லை. "மீன் பிடித்த பேதுருவின் வாடை" என்று அப்பா சிரிக்கிறார்.

புதுப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அக்கா பழையதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். புத்தகத்தைக் காட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டு பொடி எழுத்தா? கண்ணு என்னத்துக்கு ஆகும்!"