பில்லி யாருன்னு கேக்காத மாப்ள

மாப்ள,

உன் மெயில் பாத்தேன். திட்டுறதுக்காகவே இம்புட்டு நீளமா எழுதியிருக்க, காலேஜ்ல பரீட்சைக்குக் கூட நீ இவ்ளோ எழுதினதில்ல. மொதல்ல வீட்டு சேதிய சொல்லிடுறேன், அப்புறம் உன் சண்டைக்கு வர்றேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, இப்ப சீரியல்ல வர்றவளுக போட்டிருக்கறது பூரா கவரிங்னு கண்டுபிடிச்சு சொல்லிட்டே இருக்கு, யாரையும் நிம்மதியா பாக்க விடறதில்ல. பெரியவன் கோயமுத்தூர்ல வேலைக்கு சேந்துட்டான், சம்பளம் சுமார் தான் ஆனா ரூம் சாப்பாடு எல்லாம் அவனே பாத்துக்கறான். மாடில ஒரு ரூம் எழுப்பலாம்னு கொத்தனாரக் கூப்பிட்டேன், அவர் சொன்ன தொகையக் கேட்டதும் மாடி இப்படியே காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

சரி, படத்துக்கு வருவோம். பிளாக் கிறிஸ்துமஸ், அதான் காலேஜ் பொண்ணுங்க தங்கற வீட்டுப் பரண்ல பில்லின்னு ஒருத்தன் ஒளிஞ்சுக்கிட்டு, போன் போட்டு மிரட்டி ஒவ்வொருத்தியா கொல்ற படம், அதப் பாத்துட்டு "ஒன்றரை மணி நேரம் உக்காந்து பாத்தா கடைசி வரைக்கும் கொலைகாரன் எவன்னே காட்டல, இது ஏமாத்து வேலை"ன்னு எழுதியிருக்க. மாப்ள, 1974ல வந்ததுல இருந்து அந்தப் படத்தப் பாக்குறவன்ல பாதிப் பேர் இதையே தான் சொல்றான். மிச்சப் பாதி, அவனக் காட்டாததுனால தான் ராத்திரி தூக்கம் வரலன்னு சொல்றான். நான் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியும்.

அரையாண்டு லீவுக்கு எல்லாரும் வீட்ல கூடியிருந்தப்ப நாங்களும் ஒண்ணா உக்காந்து பாத்தோம், சின்னப் பிள்ளைகள தூங்க வச்சிட்டு தான். ஆளுக்கொரு பேச்சு. மச்சினன் பையன் இஞ்சினியரிங் படிக்கிறான்ல, அவன் பத்தாவது நிமிசத்துலயே "மாமா ரொம்ப ஸ்லோ, ரத்தமே இல்ல"ன்னுட்டு போன நோண்ட ஆரம்பிச்சிட்டான். அது வாஸ்தவம் தான், ஸ்லாஷர்னு, அதாவது ஒருத்தன் வரிசையா வெட்டிக் கொல்ற படம்னு சொல்லிட்டு இந்தப் படத்துல ரத்தம் ரொம்பக் கம்மி. ஆனா க்ளேர்ங்கற பொண்ணு ஊருக்குக் கிளம்ப துணி எடுத்து வைக்கறப்ப, அலமாரில தொங்குற சலவைத் துணி பிளாஸ்டிக் உறைக்குள்ள இருந்து அவன் பாயறான் பாரு, அதுக்கப்புறம் அவள அதே பிளாஸ்டிக் முகத்தோட பரண் ஜன்னல் பக்கத்துல ஆடுற நாற்காலில உக்கார வச்சுடுறான். மறுநாள் அவ அப்பன் மகளக் கூட்டிட்டுப் போக வந்து காலேஜ்ல காத்துக் கிடக்கான், ஊர் பூரா தேடுறான், போலீஸ்ல சொல்றான், பார்க்ல தேடுறாங்க, அவ அந்த வீட்டுப் பரண்லயே தான் உக்காந்திருக்கா. படம் முடியற வரைக்கும் போலீஸ்ல ஒருத்தன் மேல ஏறிப் பாக்கல! என் வீட்டுக்காரிக்கு, அதான் உன் தங்கச்சிக்கு, கொலைகாரன் மேல கூட கோவம் வரல, அந்த போலீஸ்காரன் மேல தான். அதான்டா, பொண்ணுங்க வந்து கம்ப்ளெயின்ட் குடுத்தா "எங்கயாச்சும் பாய் பிரெண்டோட போயிருப்பா"ன்னு சிரிக்கிறானே சார்ஜென்ட் நாஷ், அவன் மேல. "ஊர் ஊருக்கு இவன மாதிரி ஒருத்தன் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கான்"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் காபி போட்டா.

எங்க பெரியப்பா சொன்னது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவர் டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர் உனக்குத் தெரியும்ல, படம் பூரா கண்ண மூடிட்டு தான் இருந்தார், எக்ஸ்சேஞ்ச் சீன் வந்ததும் நிமிந்து உக்காந்துட்டார். போன் எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஆளு ரேக்கு ரேக்கா ஓடுவான் பாரு, அது ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சாம், நாம டயல் சுத்துறப்ப ஒவ்வொரு நம்பருக்கும் செலக்டர்னு ஒரு சுவிட்ச் சத்தத்தோட மேல ஏறி அப்புறம் பக்கவாட்டுல திரும்பி அடுத்த செலக்டரப் பிடிக்குமாம், அப்படி சங்கிலி மாதிரி போகும். கால் யார் போட்டதுன்னு பாக்கணும்னா எந்த செலக்டர் எதப் பிடிச்சிருக்குன்னு கால்நடையா ஒண்ணு ஒண்ணா பின்னாடி போய் தான் பாக்கணும், அதுக்குள்ள போட்டவன் ரிசீவர வச்சிட்டா எல்லாம் கழண்டு விழுந்துடும், தடமே இருக்காது. அதனால தான் கதாநாயகி ஜெஸ்ஸ "பேச்ச வளத்துக்கிட்டே இரு"ன்னு போலீஸ் சொல்றது. "இவன் ஓடுறது நெசம்டா, நானும் ஓடியிருக்கேன்"னார் பெரியப்பா. அப்படி ஓடி ஓடிப் பிடிச்சுப் பாத்தா கால் அந்த வீட்டுக்குள்ளருந்தே தான் வருது, வார்டன் அம்மாவுக்குன்னு தனியா இன்னொரு லைன் இருக்குல்ல, அதுல இருந்து. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச கதை தான், குழந்தையப் பாத்துக்க வந்த பொண்ணுக்கு மாடிலருந்தே போன் வரும்னு அமெரிக்கால வாய்மொழியா சுத்திட்டிருந்த பயக்கதை. ஆனா அத சினிமாவுல இப்படி செலக்டர் செலக்டரா நடந்து காட்டினது இவங்க தான்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். பில்லி யாரு?

காட்டினது என்ன? கதவு இடுக்குல ஒரு கண்ணு. சுவத்துல ஏறுற கை. மூச்சு சத்தம். அவ்ளோ தான். கேமராவ தோள்ல கட்டிக்கிட்டு கேமராமேனே செடிப் பந்தல் சட்டத்துல ஏறி பரணுக்குள்ள போனான், அதான் ஆரம்ப சீன்ல நாம அவன் கண்ணாலயே உள்ள நுழையறோம், உள்ள பார்ட்டி நடக்குது, கலர் லைட்டு, எவனுக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தான் தெரியும். போன்ல வர்ற குரல் இருக்கே, ஒரே ஆள் ஆம்பள பொம்பள குழந்தைன்னு மாறி மாறி கத்துற மாதிரி, அதுக்கு நிக் மன்கூசோன்னு ஒரு நடிகர், நெஞ்ச அழுத்தினா குரல் மாறும்னு தலைகீழா நின்னு பேசினாராம். கூட வேற சில குரலும் உண்டு, டைரக்டர் பாப் கிளார்க்கும் அதுல ஒருத்தர். மியூசிக் போட்ட கார்ல் ஸிட்டரர் பியானோ கம்பில முள்கரண்டி, சீப்பு, கத்தின்னு கட்டி வச்சு அடிச்சிருக்கார். அதுல தான் அந்த ஒரு மாதிரி உலோக முனகல். நீ லேப்டாப் ஸ்பீக்கர்ல பாத்திருப்ப, அதான் இது எதுவும் உனக்குக் கேக்கல.

அவன் போன்ல உளர்றதுல துண்டு துண்டா ஏதோ இருக்கு, ஆக்னஸ்னு ஒரு பேரு, குழந்தையப் பத்தி ஏதோ ஒண்ணு, யாரோ திட்டுறது. சேத்துப் பாத்தா ஒரு குடும்பம் ஒரு பழைய தப்பு தெரியற மாதிரி இருக்கும், ஆனா சேராது. சேராததுனால தான் நீ இன்னும் அதையே நினைச்சுட்டு எனக்கு ரெண்டு பக்கம் மெயில் போட்டிருக்க.

உன்ன மாதிரியே வார்னர் பிரதர்ஸ்காரனும் கேட்டிருக்கான் தெரியுமா? அமெரிக்காவுல ரிலீஸ் பண்றப்ப கடைசிய மாத்து, க்ளேரோட காதலன் கிறிஸ் வந்து ஜெஸ் முன்னாடி நின்னு அவன் தான் பில்லின்னு தெரியற மாதிரி பேசிட்டு அவளக் கொல்லட்டும்னு. கிளார்க் முடியவே முடியாதுன்னுட்டார். நல்லவேளை. அப்படி வந்திருந்தா "ஓ இவனா"ன்னு சொல்லிட்டு நீ அன்னிக்கே மறந்திருப்ப.

நான் சும்மா சொல்லல, கண்ணு முன்னாடி சாட்சி இருக்கு. 2006ல கிளென் மார்கன் இதையே ரீமேக் பண்ணாரு, நீ கேட்டதெல்லாம் அதுல இருக்கு. பில்லிக்குப் பொறந்ததுலருந்து ஈரல் வியாதி, உடம்பெல்லாம் மஞ்சள், அம்மாக்காரி அப்பனக் கொன்னுட்டு இவனப் பரண்ல பூட்டி வச்சா, அவன் ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கு வெளிய வந்து அவளையே கொன்னு மாவு வெட்டுற அச்சால அவ தோல வெட்டி பிஸ்கட் சுட்டு தின்னான். ஆக்னஸ் யாரு, அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஃபிளாஷ்பேக் மேல ஃபிளாஷ்பேக். பயந்தியா? மச்சினன் பையன் அதுக்கு மட்டும் "சூப்பர் மாமா"ன்னான், ஏன்னா ரத்தம் ஆறா ஓடுது. எனக்கு வாந்தி வந்துச்சே தவிர பயம் வரல. அந்தப் படத்துல ஒரே ஒரு சந்தோசம், பழசுல கண்ணாடி போட்ட ஃபில் பொண்ணா வந்த ஆண்ட்ரியா மார்ட்டின் இதுல வார்டன் அம்மாவா வர்றாங்க. 2019ல இன்னொரு ரவுண்டு வந்துச்சு, சோஃபியா டக்கால்னு பெண் டைரக்டர், அதுல காலேஜ் பையனுங்க சங்கமே வில்லன், காலேஜ ஆரம்பிச்சவன் சிலைலருந்து கருப்பா ஏதோ வடியும் அது தான் பசங்கள மிருகமாக்குது. சொல்ல வந்த விசயம் நியாயம், ஆனா வசனமா சொல்லிக்கிட்டே இருந்தா எப்படி. 1974 படம் அதையே சார்ஜென்ட் நாஷோட ஒரு சிரிப்புல சொல்லிட்டுப் போயிடுச்சு.

இதுல மச்சினிச்சி பொண்ணு ஒரு விசயம் சொன்னா, எனக்கே தோணாதது. பின்னாடி வந்த ஸ்லாஷர்ல எல்லாம் குடிக்காத, காதலிக்காத ஒழுக்கமான பொண்ணு தான் கடைசில தப்பிப்பா, மத்தவளுக எல்லாம் தண்டனை மாதிரி சாவாளுக. இங்க ஜெஸ் கர்ப்பமா இருக்கா, கலைக்கப் போறேன்னு, போலீஸ் கொலைகாரன்னு சந்தேகப்படற காதலன் பீட்டர் மூஞ்சிக்கு நேரா சொல்றா, நீ கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொன்னாலும் நான் என் படிப்ப விடமாட்டேன்னு சொல்றா. கருவக் கலைக்கறது பொண்ணோட உரிமைன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்தது 1973, மறு வருசம் இந்தப் படம். அவ தான் கடைசி வரைக்கும் உசுரோட இருக்கா. "சித்தப்பா, பீட்டர் கொலைகாரனா இல்லையாங்கறதே விசயம் இல்ல, அவன் கூட இருந்தாலும் ஜெஸ்ஸுக்கு பயந்தானே"ன்னா. பொண்ணு காலேஜ் முதல் வருசம் தான் மாப்ள. பியானோ பரீட்சைல சொதப்பிட்டு பீட்டர் அந்த பியானோவையே அடிச்சு நொறுக்குவான்ல, அத நினைச்சுப் பாத்தா அவ சொல்றது சரி.

அப்புறம் இன்னொண்ணு, பாப் கிளார்க் இதோட நிக்கல. 1983ல எ கிறிஸ்துமஸ் ஸ்டோரின்னு ஒரு சின்னப் பையன் ஏர் கன்னுக்கு ஆசைப்படுற குடும்பப் படம் எடுத்தார், அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் வந்தா டிவில 24 மணி நேரம் விடாம ஓட்டுறாங்களே அந்தப் படம். ரெண்டும் ஒரே கைல இருந்து வந்தது. கதவுகிட்ட குழந்தைங்க கேரல் பாடுறப்ப மேல பார்ப் பொண்ண அவன் கண்ணாடி ஒத்தக்கொம்புக் குதிரை பொம்மையால குத்துறான்ல, பாட்டும் குத்தும் மாத்தி மாத்தி வரும், பண்டிகைய மனசார நேசிக்கிறவனால தான் அத அவ்ளோ அழகா கெடுக்க முடியும்னு எனக்குத் தோணும்.

நீ அடுத்து கேட்ட சைலண்ட் நைட் டெட்லி நைட், 1984. அதப் பத்தி நான் பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டேன், படம் சுமார். ஆனா அதுக்கு வந்த எதிர்ப்பு தான் சுவாரசியம். சாண்டா வேசத்துல கோடாலியோட ஒருத்தன் வர்ற விளம்பரத்த டிவில குழந்தைங்க முழிச்சிருக்கற நேரத்துல போட்டுட்டாங்க, அம்மாக்கள் தெருவுல இறங்கிட்டாங்க, தியேட்டர் வாசல்ல பாட்டு பாடி மறியல். ஜீன் சிஸ்கல்ங்கற விமர்சகர் டிவி நிகழ்ச்சில படத்துல வேலை செஞ்சவங்க பேர ஒண்ணொண்ணா வாசிச்சு வெக்கமா இல்லையான்னு கேட்டார். முதல் வாரம் அதே நாள்ல வந்த எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்டையே வசூல்ல முந்தின படம், சில வாரத்துல கம்பெனியே தூக்கிடுச்சு. மறியல் பண்ணவங்கள்ல எத்தன பேர் படத்தப் பாத்திருப்பாங்கன்னு நினைக்கிற? பாத்திருந்தா அவங்களே அழுதிருப்பாங்க, முதல் பாதி பூரா அப்பா அம்மா சாவ நேர்ல பாத்த ஒரு பையன் ஆசிரமத்துல அடி வாங்குற கதை தான். எதிர்த்து கடிதம் எழுதின பழைய நடிகர் மிக்கி ரூனி 1991ல அதே படத்தோட அஞ்சாம் பாகத்துல வந்து நடிச்சார், அது தான் உச்சம். அந்த 1984 படத்துல கொலைகாரனோட சின்ன வயசுலருந்து எல்லாம் விளக்கியிருப்பான், உனக்குப் பிடிக்கும். பாரு, ஆனா உன் வீட்டுக்காரி கூட உக்காந்து பாக்காத, மான் கொம்பு சீன் இருக்கு, அப்புறம் எனக்கு போன் போட்டு திட்டும்.

ஒரே ஒரு விசயத்துல உன் கட்சிக்கு கொஞ்சம் இடம் இருக்கு, அத நானே சொல்லிடுறேன். பிளாக் கிறிஸ்துமஸ்ல பார்க்ல ஒரு சின்னப் பொண்ணு பிணமா கிடைக்கும்ல, ஊரே டார்ச் அடிச்சு தேடுறப்ப. அத செஞ்சது யாரு? பில்லி அந்த வீட்ட விட்டு வெளிய போனதா படம் எங்கயும் காட்டல. போலீஸ் அதையும் பீட்டர் தலைல கட்டி ஃபைல மூடியிருப்பானுங்க. அப்ப ஊருக்குள்ள இன்னொருத்தன் இருக்கானா? பெரியப்பா பில்லி தான்ங்கறார், மச்சினிச்சி பொண்ணு இல்லவே இல்லங்கறா, ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசைல சண்டை. நீ ஹெட்போன் மாட்டிக்கிட்டு இன்னொரு தடவ பாத்துட்டு உன் முடிவச் சொல்லு, இந்த வாட்டி டைட்டில் ஓட ஆரம்பிச்சதும் ஆஃப் பண்ணாத, போன் அடிக்கிறது அப்பவும் நிக்காது.

இப்படிக்கு,
உன் மாப்ள