சீஆர் கொப்பியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்

வட மாகாணத்து வங்கி முகாமையாளர்களுக்கும் கடன் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்து நெல்லியடிப் பக்கத்தில் பனங்கிழங்கில் புழுக்கொடியலும் ஒடியல் மாவும், பனம்பழத்தில் பனாட்டும் செய்து விற்கிறவள் நான். சிறு தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் பிணையையும் காணி உறுதியையும் மட்டும் பாராமல், நாங்கள் கணக்கு எழுதுகிற சீஆர் கொப்பியையும் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 2022 சித்திரை வரை யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் சாமான் வருவது நின்றது. முதலாளி எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, இருந்த சம்பளத்தைக் கையில் தந்து அனுப்பினார். அவரில் பிழை இல்லை. அந்த மாதம் 12ஆம் திகதிதான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடே கைவிரித்தது.

அந்த வருசத்தை நீங்களும் இங்கேதான் கழித்தீர்கள். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை, பிறகு கியூஆர் அட்டை. லீற்றர் 87 ரூபாவுக்கு வாங்கிய மண்ணெண்ணெய் ஆவணியில் ஒரே இரவில் 340 ரூபாவானது. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கைகளில் நடந்த இன்னொன்றை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. கறள் பிடித்துக் கோடிக்குள் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. ரியூப் ஒட்டத் தெரிந்த பெடியன் தன் வீட்டுப் படலையில் ஒரு பம்மைக் கட்டித் தொங்கவிட்டான். பழைய மோட்டார் சைக்கிள் பட்டரியில் லைற் எரியச் செய்து கொடுத்தான் இன்னொருவன். வீட்டு வளவுக்குள் கத்தரியும் பயிற்றையும் வைத்தவர்கள் மிஞ்சியதைப் படலையில் வைத்து விற்றார்கள்.

இதெல்லாம் எங்களுக்குப் பழகிய கைவேலை. போரில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பட்டரி ஒன்று கண்ணில் காண முடியாது. என் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்டார். செய்தி முடியும்வரை நானும் அண்ணாவும் மாறி மாறிச் சுற்றுவோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுப் படித்தோம். சவர்க்காரம் இல்லாதபோது அம்மா பனங்களியால் உடுப்புத் தோய்த்தா. எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருக்கிற ஆளை எங்கள் ஊரில் "அவனுக்கு அந்த விசர்" என்பார்கள். சைக்கிள் விசர், றேடியோ விசர், பூங்கண்டு விசர். அந்த விசர்தான் அன்றைக்கு வீடுகளைக் காப்பாற்றியது. 2022இலும் அதுதான் காப்பாற்றியது என்று நான் மனதார நம்புகிறேன்.

என் விசர் காயவைப்பது. சின்ன வயதில் அம்மம்மாவோடு பாத்தி கிண்டிய நாள் தொடக்கம் அது என்னோடு இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் பனங்கொட்டையைப் பாத்தி போட்டால் தையில் கிழங்கு பிடுங்கலாம். அவித்துக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். தையில் இரவுப் பனி விழும். இடையில் ஒரு மழை வந்தால் பூஞ்சணம் பிடித்து, மூன்று நாள் வேலை குப்பைக்குப் போய்விடும். காகம், கோழி, தூசு எல்லாம் அதற்கு மேல்.

வேலை போன பிறகு இதைப் பக்கத்து வீட்டுப் பெடியனிடம் சொன்னேன். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவன். பழைய யன்னல் கண்ணாடி, பலகை, உடைந்த கொம்பியூட்டர்களில் இருந்து கழற்றிய இரண்டு காற்றாடி, கைப்பிடியளவு சோலார் தகடு. இவற்றை வைத்து மூன்று கிழமையில் ஒரு பெட்டி செய்தான். முதல் தரம் கிழங்கு கருகியது. இரண்டாம் தரம் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றது. காற்று உள்ளே வருகிற ஓட்டையைக் கீழே வைத்து, போகிற ஓட்டையை அகலமாக்கிய பிறகு பிடிபட்டது. முற்றத்தில் ஆறேழு நாள் எடுத்தது பெட்டிக்குள் மூன்று நாளில் காய்ந்தது, நிறமும் மாறவில்லை. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் மாதம் 40 பைக்கற் விற்றேன். பிறகு நெல்லியடியில் இரண்டு கடை, பட்டினத்தில் ஒரு கடை. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் திரும்பிப் போகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். முன்பு பார்த்த வேலைப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதினேன்: கிழங்கு வாங்கிய விலை, விறகு, கூலி, கடைக்காரர் தர வேண்டிய காசு, திரும்பி வந்த பைக்கற். இப்போது நாலாவது கொப்பி நடக்கிறது.

இரண்டாவது கொப்பி முடிகிற நேரம், 2023இல், ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். பெரிய உலர்த்தி ஒன்றுக்கும் மா அரைக்கும் மெசினுக்கும் ஐந்து லட்சம் கேட்டேன். இரண்டு கொப்பியையும் மேசையில் வைத்தேன். அவை திறக்கப்படவில்லை. "அரச உத்தியோகத்தர் ரெண்டு பேர் பிணை நிப்பினமோ?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் சொந்தத்தில் ஒரு ரீச்சர் இருக்கிறா, ஏற்கனவே இரண்டு பேருக்குப் பிணை நிற்கிறா. அடுத்த கேள்வி காணி உறுதி. சீதனக் காணி என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நான் அதை ஈடுவைக்க முடியாது. அவர் கட்டாரில். எனக்காவது தொலைபேசியில் கேட்க ஒரு ஆள் உண்டு. எங்கள் சீட்டில் இருக்கிற ஒரு அக்காவின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். அவ அந்தச் சம்மதத்துக்கு நீதிமன்றம் ஏற வேண்டும்.

அதே கிளையில், அதே நாள், பத்தடி தள்ளி அடகுப் பகுதி. காப்பு இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். உரைத்துப் பார்த்தார்கள், நிறுத்தார்கள், கால் மணித்தியாலத்தில் காசு. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காசில் மெசினை மட்டும் வாங்கினேன். பெரிய உலர்த்தி இன்றுவரை இல்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. நீங்கள் கொடுப்பது எங்கள் அம்மாமாரின் நிலையான வைப்புக் காசு. அதைக் கண்டபடி இறைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். 2022 சித்திரையில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அந்த வருசக் கடைசியில் திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி. அரசாங்கத்துக்குக் கொடுத்தாலே அவ்வளவு வரும்போது, ஒடியல் விற்கிறவளை நம்பி ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 2025 வைகாசியில் மத்திய வங்கியின் ஓரிரவுக் கொள்கை வட்டி வீதம் 7.75க்கு இறங்கியது. சிறு தொழில்களுக்கான கடனுக்கு உத்தரவாதம் நிற்கவென்றே ஒரு தேசிய நிறுவனமும் வந்திருக்கிறது. இப்போதும் அதே இரண்டு கையெழுத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு என்ன காரணம்?

நீங்கள் கதவைச் சாத்தினால் நாங்கள் எங்கே போகிறோம் என்பதையும் யோசியுங்கள். போருக்குப் பிறகு நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று எத்தனை பெண்கள் முறிந்துபோனார்கள். 2018இல் அரசாங்கம் தலையிட்டு வறட்சி மாவட்டப் பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்யுமளவுக்கு அது போனது. நல்ல வங்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததால்தான் அந்தக் கடன்காரர் வந்து நின்றார்கள் என்பது என் முடிவு.

எங்களை அளக்க உங்களிடம் கோல் இல்லை என்று சொல்லாதீர்கள். நாங்கள் இருபது பெண்கள் சீட்டுப் பிடிக்கிறோம். 2022 முழுக்க, அரிசி வாங்கவே கஷ்டப்பட்ட மாதங்களிலும், ஒருத்தியும் ஒரு தவணை பிந்தவில்லை. இது நீங்கள் கடன் வரலாறு பார்க்கிற கிறிப் அறிக்கையில் வராது. எங்கள் கொப்பியில் இருக்கிறது. அந்த இருபது பேரும் ஒருவருக்கொருவர் பிணை நிற்கத் தயார். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் மத்தியானம் சனம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தோசை சுடுகிற பெண்களிடம் யாரும் காணி உறுதி கேட்கவில்லை. விவசாயத் திணைக்களம் இடத்தைக் கொடுத்தது, மிச்சத்தை அவர்களின் கை பார்த்துக்கொண்டது.

தவணையையும் எங்கள் தொழிலைப் பார்த்து எழுதுங்கள். தையில் இருந்து சித்திரை வரை எனக்குக் காசு புரளும், அப்போது கூடக் கட்டுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கையில் ஒன்றும் இராது. வருசம் முழுக்க ஒரே தொகை என்று எழுதினால், மழைக் காலத்தில் நான் காப்பை அடகு வைத்துத்தான் உங்களுக்குக் கட்ட வேண்டும். மீனவருக்கும் வெங்காயம் செய்கிறவருக்கும் இதே கதைதான். மடிகணினியோடு ஸ்டார்ட்அப் தொடங்கி உங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கு ஈடுவைக்கச் சீதனக் காணிகூட இல்லை. அவர்களின் கொப்பி திரைக்குள் இருக்கிறது, அதையாவது திறந்து பாருங்கள்.

கடைசியாக அந்தப் பெடியன். பெட்டியைப் பெரிதாகச் செய்து விற்க அவனுக்கு ஆசை. மூன்று வீட்டுக்காரர் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சாமான் வாங்க ஒரு லட்சம் இருந்தால் தொடங்கியிருப்பான். அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் வெளிநாடு போகிறேன் என்றதும் காணியை விற்று அதைப்போலப் பல மடங்கு காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த வருசம் அவனும் போனான். ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறானாம். போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டான்: "அக்கா, அந்தக் காத்தாடி ரெண்டும் இன்னும் சுத்துதோ?"

ஒன்று நின்றுவிட்டது. மற்றது சுற்றுகிறது.

வருகிற தை மாதம் கிழங்கு பிடுங்குவோம். 750 பஸ்ஸில் ஏறினால் நெல்லியடிச் சந்தியில் இறங்கலாம், அங்கே நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன். கடன் விண்ணப்பம் கொண்டுவரத் தேவையில்லை. முற்றத்தில் இருந்து புழுக்கொடியல் சாப்பிட்டுக்கொண்டே நாலு கொப்பியையும் பாருங்கள். கூட்டிக் கழித்ததில் பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் சுழித்துவிடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெல்லியடியிலிருந்து ஒரு பெண்